கரப்பான் விழுந்த தட்டும், அதற்கு ஒரு ஆங்கிலச் சொல்லும்

அக்கா மகள் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். தங்கல் கம்பெனி விடுதியில், சாப்பாடும் அங்கேயே. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எனக்கு ஒரு படம் அனுப்பினாள். குழி வைத்த எவர்சில்வர் தட்டு. சாம்பார் ஊற்றிய சோறு, பக்கத்துக் குழியில் பீட்ரூட் பொரியல். தட்டின் ஓரத்தில் நாலைந்து கறிவேப்பிலை, ஒரு புளிச்சக்கை, அவற்றோடு சேர்த்து ஒதுக்கி வைத்த ஒரு கரப்பான் பூச்சி. பேசிக்கொண்டே சாப்பிட்டவள் அதையும் புளிச்சக்கை என்று நினைத்து விரலால் ஓரம் தள்ளியிருக்கிறாள். தள்ளிய பிறகுதான் மீசை கண்ணில் பட்டதாம்.

படத்துக்குக் கீழே, நிர்வாகத்துக்கு அனுப்ப அவள் எழுதி வைத்திருந்த ஆங்கில மெயில். ஆறே வரி. அதில் மூன்று இடத்தில் 'டிஸ்கஸ்டிங்'. சாப்பாடு டிஸ்கஸ்டிங், சமையலறை டிஸ்கஸ்டிங், சமையல் ஆட்கள் டிஸ்கஸ்டிங். "ஸ்பெல்லிங் மட்டும் பாத்துச் சொல்லுங்க மாமா" என்று குரல் செய்தி வேறு.

ஸ்பெல்லிங் சரியாகத்தான் இருந்தது. முதல் இரண்டு இடத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. மூன்றாவதுதான் உறுத்தியது. அந்த உறுத்தலில் ஆரம்பித்து, இந்த இடத்தில் எந்தச் சொல் போடலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் பத்தரை மணி வரை போனில் பேசிக்கொண்டிருந்தோம். கிருஷ்ணகிரியில் மாலை நேரம் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. வகுப்பில் இந்தச் சொல்லுக்கு நான் ஒதுக்கியதெல்லாம் ஒரு வரி: 'டிஸ்கஸ்டிங் என்றால் அருவருப்பான'. அந்த ஒரு வரி போதாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

முதலில் அந்தச் சொல்லையே பார்த்துவிடலாம். டிஸ்கஸ்ட் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். உள்ளே இருப்பது லத்தீனின் 'குஸ்டுஸ்', அதாவது சுவை. சுவை கெட்டு, வாய் வேண்டாம் என்று தள்ளுவது. ஆக, பிறப்பிலேயே அது சாப்பாட்டுச் சொல். கரப்பான் விழுந்த சாம்பாருக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. பேசும்போது அழுத்தம் 'கஸ்ட்' என்ற இடத்தில் விழ வேண்டும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் 'டிஸ்'ஸில் அழுத்துகிறார்கள், அப்படிச் சொன்னால் பாதிக் கோபம் தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஆனால் சொல் சாப்பாட்டோடு நிற்கவில்லை. சார்லஸ் டார்வின் 1872இல் மனிதர்களும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிக்காட்டும் விதம் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் தென்னமெரிக்காவின் தென்கோடியில், தியெரா டெல் ஃபுவேகோவில் நடந்த ஒன்றைச் சொல்கிறார். அவர் பதப்படுத்திய குளிர்ந்த இறைச்சியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மண்ணின் ஆள் ஒருவர் வந்து அதை விரலால் தொட்டுப் பார்க்கிறார். இறைச்சி மெத்தென்று இருப்பதில் அவருக்கு அருவருப்பு. அதே நொடியில், தன் சாப்பாட்டை அந்த மனிதர் தொட்டுவிட்டாரே என்று டார்வினுக்கு அருவருப்பு. அந்தக் கை அழுக்காகத் தெரியவில்லை என்பதையும் டார்வினே எழுதி வைத்திருக்கிறார்.

இதைப் படிக்கும் தமிழருக்கு டீக்கடையின் இரட்டைக் குவளை ஞாபகம் வராமல் போகாது. அங்கேயும் கை சுத்தமாகத்தான் இருந்தது. ஒருவருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொருவருக்குத் தனியே வைத்த குவளை. அருவருப்பு என்ற உணர்ச்சிக்கு இப்படி ஒரு குணம் உண்டு: தட்டில் ஆரம்பித்து, தட்டை நீட்டிய கைக்குத் தாவிவிடும். மெயிலில் அந்த மூன்றாவது டிஸ்கஸ்டிங் என்னை உறுத்தியது அதனால்தான். "சமையல்காரங்க டிஸ்கஸ்டிங்னு எழுதினா, அவங்க சமைச்சது கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல கண்ணு, அவங்களே அருவருப்பான ஆளுங்கன்னு அர்த்தம்" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "அந்த அக்கா நல்லவங்க மாமா, எனக்கு எப்பவும் ஒரு கரண்டி சேத்து ஊத்துவாங்க" என்றாள்.

சரி, அப்படியானால் எது?

அவளுடைய அடுத்த யோசனை 'கிராஸ்'. அறைத்தோழி ஃபோனில் பார்க்கும் அமெரிக்கத் தொடர்களில் எதற்கெடுத்தாலும் 'தட்ஸ் ஸோ கிராஸ்' வருகிறதாம். பேச்சில் தாராளமாகச் சொல்லலாம், பிள்ளைகள் வாயில் அது அழகாகவும் இருக்கும். ஆனால் சம்பளச் சீட்டு வாங்கும் ஊரில் கிராஸ் என்றால் பிடித்தம் போவதற்கு முந்தைய தொகை. நிர்வாகத்தில் மெயிலைத் திறப்பவர் காலையிலிருந்து கிராஸ், நெட் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர். அவர் மேசைக்கு 'ஃபுட் இஸ் கிராஸ்' என்று போய்ச் சேர்ந்தால் சிரிப்புதான் வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிராஸ் என்ற சொல்லின் பழைய பொருள் தடித்தது, பருமனானது. அதிலிருந்து மொத்தம் என்று ஒரு கிளை, முரடு, நாகரிகமற்றது என்று ஒரு கிளை. கடைசியில் அமெரிக்கப் பிள்ளைகள் வாயில் அருவருப்பு. ஓசூர் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்கிற ஒரு சொல் 'கலீஜு'. குப்பை கொட்டிய தெருமுனை கலீஜு, கழுவாத டம்ளர் கலீஜு. உருது வழியாக வந்த அந்தச் சொல்லுக்கும் அரபியில் மூலப்பொருள் தடித்தது, முரடானது என்பதுதான். எங்கேயோ ஐரோப்பாவில் ஒன்று, எங்கேயோ அரபுநாட்டில் ஒன்று, இரண்டும் ஒரே பாதையில் நடந்து அழுக்கில் வந்து விழுந்திருக்கின்றன. இதை நான் அவளிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கொட்டாவி விட்டது போனில் கேட்டது.

'யக்கி' குழந்தைச் சொல். 'உவ்வே' என்று நாம் சொல்வதை எழுதினால் எப்படியோ அப்படி. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

'நாசியேட்டிங்' எனக்குப் பிடித்திருந்தது. கிரேக்கத்தில் கப்பலைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிளைத்தது, முதலில் கடற்பயணத்தில் வரும் குமட்டலைத்தான் குறித்தது. நமக்குக் கடல் தூரம் என்றாலும் பென்னாகரம் தாண்டி ஒகேனக்கலுக்கு இறங்கும் வளைவுகளில் பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அந்தச் சொல் வயிற்றைப் பற்றி மட்டும் பேசுகிறது. யாரையும் கெட்டவர் என்று சொல்வதில்லை. ஒரே சிக்கல், அதன் தம்பி 'நாஷியஸ்'. பழைய இலக்கணப்படி குமட்டலை உண்டாக்குவதுதான் நாஷியஸ். இன்றைக்குப் பெரும்பாலோர் குமட்டல் வந்தவரை நாஷியஸ் என்கிறார்கள். 'ஐ ஃபீல் நாஷியஸ்' என்று எழுதி, கண்டிப்பான பழைய ஆள் யாராவது படித்தால் முகம் சுளிப்பார். அவசரத்தில் எழுதும் மெயிலில் இந்த ஆபத்து வேண்டாம் என்று தோன்றியது.

'ரிவோல்ட்டிங்' வேண்டவே வேண்டாம் என்றேன். அருவருப்பூட்டும் என்பது ஒரு பொருள், கலகம் செய்யும் என்பது இன்னொன்று. 'தொழிலாளர்கள் ரிவோல்ட்டிங்' என்பது ஆங்கிலத்தில் பழைய சிலேடை. தொழிற்சாலை விடுதியிலிருந்து போகும் மெயிலில் அந்தச் சொல் இருந்தால் இரண்டு பொருளிலும் வம்பு.

'நாஸ்டி'யும் ஆளுக்குத் தாவுகிற சாதிதான். நாஸ்டி வாடை என்றால் பரவாயில்லை, நாஸ்டி ஆள் என்றால் குணம் கெட்டவர். 'ஃபவுல்' வாடைக்கென்றே அளவெடுத்துத் தைத்த சொல். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை ஆறு வெள்ளை நுரையாய்ப் பொங்கும்போதெல்லாம் செய்தி ஆங்கிலத்தில் வந்தால் ஃபவுல் ஸ்மெல், தமிழில் வந்தால் துர்நாற்றம். ஆனால் அன்றைய சாம்பாரில் வாடை ஏதும் இல்லை. மணமாகத்தான் இருந்தது என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

வாடை என்றதும் ஒன்று. நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நல்ல மணத்தையும் குறித்தது. மொட்டுக்குள் அடங்கியிருக்கும் நாற்றம் போல என்று வள்ளுவர் காதலியின் புன்னகையைச் சொல்கிறார். ஆங்கிலத்தின் 'ஸ்டிங்க்' கதையும் அதுவே, பழைய ஆங்கிலத்தில் பூ மணத்துக்கும் அதைச் சொல்லலாம். அருவருப்பின் பக்கத்தில் குடியிருக்கும் சொற்கள் எல்லாம் நாளாக நாளாகச் சாக்கடைப் பக்கம் சரிகின்றன.

கடைசியில் மிச்சம் நின்றது 'அன்ஹைஜீனிக்'. அவளுக்கு அது பிடிக்கவில்லை. "சப்புன்னு இருக்கு மாமா, கோவமே தெரியல." உண்மைதான், மருத்துவமனைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு பலம் உண்டு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தில் 56ஆவது பிரிவு சுகாதாரமற்ற முறையில் உணவு தயாரிப்பதைப் பற்றியது. அங்கே இருக்கும் சொல் அன்ஹைஜீனிக். அதற்கு முன்னால் 54ஆவது பிரிவு, உணவில் அந்நியப் பொருள் கிடப்பதற்கு. இரண்டுக்கும் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை. டிஸ்கஸ்டிங் என்று எழுதினால் 'அது உங்கள் அபிப்பிராயம்' என்று ஒதுக்கிவிடலாம். அன்ஹைஜீனிக் என்று எழுதினால், படிப்பவருக்குச் சட்டத்தின் பக்கம் கண் போகும். சொல் சப்பென்று இருந்தாலும் கடி பலமாக இருக்கும் என்றேன்.

அபிப்பிராயம் என்றதும் அவளுக்கே ஒன்று ஞாபகம் வந்தது. விடுதியில் வடக்கத்திப் பெண் ஒருத்தி, இவர்கள் ஊரிலிருந்து கொண்டுபோன கருவாட்டுத் தொக்கைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு 'டிஸ்கஸ்டிங்' என்றாளாம். அன்றைக்கு அவளோடு இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. எனக்கும் இது தெரிந்த கதைதான். ஜூன், ஜூலையில் எங்கள் ஊரில் மாங்கூழ் ஆலைகள் ஓடும்போது கிளிமூக்கு மாங்காயின் தோலும் கொட்டையும் மலையாய்க் குவியும். வெளியூர்க்காரர் அந்தப் பக்கம் பைக்கில் போனால் கர்ச்சீப்பைத் தேடுவார். எங்களுக்கு அது சீசன் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம், மூக்குக்கு முன்னால் மனது சந்தோஷப்பட்டுவிடும். இன்னொருவர் தட்டைப் பார்த்து இந்த வகைச் சொல் எதையும் உச்சரிக்கக் கூடாது என்பது என் கட்சி. 'நாட் ஃபார் மீ' என்று நகர்ந்துவிடுவது மேல்.

இதற்குள் இன்னொரு தேவை முளைத்தது. மெயில் ஆங்கிலத்தில் நிர்வாகத்துக்குப் போகும். அதே புகாரைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, சாப்பாட்டு அறைப் பலகையில் ஒட்டலாம் என்று பெண்கள் எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள். அதை முதலில் படிக்கப்போவது ஒரு கரண்டி சேர்த்து ஊற்றுகிற அந்த அக்கா.

தமிழில் வழி இன்னும் வழுக்கல். 'அசிங்கம்' என்று எழுதலாமா? குழந்தை கால்சட்டையில் போனால் அசிங்கம் பண்ணிவிட்டான், கெட்ட வார்த்தை பேசினால் அசிங்கமாகப் பேசினான், எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினால் அசிங்கமாகப் போய்விட்டது. மலம், ஆபாசம், மானக்கேடு மூன்றையும் ஒரே சொல் சுமக்கிறது. ஆங்கில டிஸ்கஸ்டிங்கில் அந்த மூன்றாவது, மானக்கேடு, கிடையாது. பலகையில் 'அசிங்கமான சாப்பாடு' என்று ஒட்டினால் சமைத்தவருக்கு அது மானப் பிரச்சினை.

'கேவலம்' இன்னும் மோசம். வடமொழியில் அது தனித்த, மட்டும் என்ற பொருள்தான். சமணர்களுக்குக் கேவல ஞானம் என்றால் முழுமையான ஞானம், அதற்கு மேல் எதுவும் இல்லை. நம்மிடம் 'கேவலம் பத்து ரூபாய்க்கு' என்று சிறுத்து, அப்புறம் கேவலமான பிறவி என்கிற அளவுக்கு இறங்கிவிட்டது. சாப்பாட்டுக்கு அது பொருந்தாது, மனிதருக்குச் சொல்லவே கூடாது.

சிலர் எழுத்துநடைக்காக 'அசூயை' என்று போடுகிறார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் அருவருப்புக்குச் சொல்லும் 'அசஹ்ய' ஒலியோடு குழம்பி வந்ததோ என்னவோ, அசூயை என்றால் பொறாமை. சாம்பாரில் கரப்பானைப் பார்த்து யாருக்கும் பொறாமை வராது.

'அருவருப்பு'தான் டிஸ்கஸ்டுக்குச் சரியான இணை, அகராதியிலும் அதுதான். ஆனாலும் எனக்குத் தயக்கம். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாகச் சொல்லும்போது நகை, அழுகைக்கு அடுத்து மூன்றாவதாக வைப்பது இளிவரல். வடமொழி மரபின் அருவருப்புச் சுவைக்கு இணையாக இதைத்தான் காட்டுவார்கள். அது எதில் பிறக்கும் என்று கேட்டால், மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று நான்கைச் சொல்கிறது. குப்பை இல்லை, புழு இல்லை, பூச்சி இல்லை. நான்குமே மனிதருக்கு நேர்வது. அந்தக் காலத்திலேயே இந்த உணர்ச்சியின் முகவரி மனித உடம்பாகத்தான் இருந்திருக்கிறது. அந்தப் பட்டியலை நினைத்தால், அதிகாலையில் எழுந்து அடுப்பு மூட்டுகிற, முழங்கால் வலிக்காரரான ஒரு பெண் படிக்கப்போகும் தாளில் அருவருப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மீதி இருந்தது 'குமட்டுகிறது'. இதற்கு எழுவாய் கூடத் தேவையில்லை. எனக்குக் குமட்டுகிறது, அவ்வளவுதான். வயிறு பேசுகிறது, வாய் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தமிழ்த் தாளுக்கு இதுவே என்று முடிவானது.

அந்தக் குமட்டுகிறதைப் பிடித்துக்கொண்டுதான் ஆங்கிலத்துக்கும் வழி கிடைத்தது. அதற்கு என் பழைய அவமானம் ஒன்றைச் சொல்ல வேண்டும். படித்து முடித்த புதிதில் நானும் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். அங்கேயும் கேண்டீன் மோசம். ஆலோசனைப் பெட்டியில் ஒரு தாள் எழுதிப் போட்டேன்: 'ஐ ஆம் வெரி டிஸ்கஸ்டிங் அபௌட் தி கேண்டீன்'. அடுத்த வாரக் கூட்டத்தில் அதைச் சத்தமாகப் படித்தார்கள். நான் சொல்ல நினைத்தது எனக்கு அருவருப்பாக இருக்கிறது என்று. எழுதியது, நான் மிகவும் அருவருப்பானவன் என்று. 'இங்' போட்டால் அருவருப்பைக் கொடுக்கும் பொருள், 'எட்' போட்டால் அதை அனுபவிக்கும் ஆள். போரிங், போர்ட் மாதிரிதான். மூன்று மாதம் என் பெயரே டிஸ்கஸ்டிங்தான். டீ கொண்டுவரும் பையன் கூட அப்படித்தான் கூப்பிட்டான்.

ஆனால் அதே இலக்கணம் இப்போது உதவியது. டிஸ்கஸ்டிங் என்றால் விரல் எதிராளியை நோக்கி நீள்கிறது. 'டிஸ்கஸ்டெட்' என்றால் நம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பேசுகிறோம். கோபமும் குறையவில்லை, யாரும் அழுக்காகவும் இல்லை. சொல்லையும் விட வேண்டியதில்லை, வாலை மாற்றினால் போதும்.

மெயில் இப்படி ஆனது. முதல் வரியில் தேதி, நேரம், எந்த வேளைச் சாப்பாடு. இரண்டாவது வரியில், சாம்பாரில் முழுக் கரப்பான் பூச்சி கிடந்தது, படம் இணைத்திருக்கிறோம். இதற்கு உரிச்சொல் எதுவும் வேண்டாம் என்றேன், கரப்பானைவிடப் பெரிய உரிச்சொல் என்ன இருக்கிறது. மூன்றாவது வரியில், சமையலறையில் பாத்திரங்களுக்கு மூடி போதவில்லை, வடிகால் திறந்து கிடக்கிறது, பூச்சி மருந்து எப்போது அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, ஆகவே நிலைமை அன்ஹைஜீனிக். சட்டப் பிரிவுகள் இரண்டும் ஒரே வரியில். அப்புறம் கோரிக்கை: மூடி, வலை, மாதம் ஒரு முறை பூச்சி மருந்து. கடைசியில் தனி வரியாக 'வி ஆர் டிஸ்கஸ்டெட்'. அதற்கு முன்னால் 'வெரி' போட்டிருந்தாள், எடுக்கச் சொன்னேன். அந்தச் சொல்லே உச்சம், அதற்கு வெரி சேர்த்தால் பிரியாணிக்கு மேல் சாம்பார் ஊற்றியது மாதிரி. வேண்டுமானால் 'அப்சொல்யூட்லி' போடலாம். அதையும் போடவில்லை.

தமிழ்த் தாளில் மூன்றே வரி. 'ஞாயிற்றுக்கிழமை இரவு சாம்பாரில் கரப்பான் பூச்சி கிடந்தது. பார்த்ததிலிருந்து குமட்டுகிறது, சாப்பிட முடியவில்லை. பாத்திரங்களுக்கு மூடி வாங்கித்தர நிர்வாகத்தைக் கேட்டிருக்கிறோம்.' அந்த மூன்றாவது வரி அவளாகச் சேர்த்தது. தாள் ஒட்டிய மறுநாள் அந்த அக்கா, நானும் மூணு மாசமா மூடி கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் என்று சொல்லி, கீழே தானும் ஒரு கையெழுத்துப் போட்டாராம்.

மூடி வந்துவிட்டது. வலை இன்னும் வரவில்லை. போன புதன்கிழமை மறுபடியும் ஒரு படம் வந்தது, அதே தட்டு, ஓரத்தில் கறுப்பாக என்னவோ. நான் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் கீழே ஒரு வரி வந்து விழுந்தது: "புளிச்சக்கைதான் மாமா, ரெண்டு தடவ பாத்துட்டேன்."